கொதித்த கடல்: சர் சார்லஸ் பார்சன்ஸ் வரலாறு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன், இயற்பியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு பேராசிரியர் வகுப்பில் கேட்டபோது நியூட்டன், எடிசன், சர் சி. வி. இராமன் ஆகிய மூவரையும் என் நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியவர் சார்லஸ் அல்ஜெர்னன் பார்சன்ஸ். மிஞ்சியவர் என்று சொல்வதுகூடத் தவறு. எங்கள் வீட்டு வள்ளந்தான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே முதலில் அந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு அவரிடம் வருகிறேன். படிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தை கடல் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாகச் சேர்ந்து பைபர் வள்ளத்துக்குப் பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்றை வாங்கினார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணம் அதில் போயிற்று. முதல்நாள் விடியற்காலையில் அலையைத் தாண்டியதும் மோட்டார் வீறிட்டுக் கத்தியது. சத்தம் விண்ணை முட்டியது. வள்ளமோ நின்ற இடத்திலேயே தள்ளாடியது. விசையைக் குறைத்தால் சற்று நகரும், கூட்டினால் மீண்டும் வீறிடும். ஒரு பழுது பார்ப்பவர் விசிறி தேய்ந்துவிட்டது, புதிதாக மாற்றுங்கள் என்றார். கடன் வாங்கி மாற்றினோம். பலன் இல்லை. கடைசியில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். மோட்டாரை மாட்டும் பின்பலகையின் மேல் யாரோ இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து ஆணியடித்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். கட்டையை எடுத்தோம். மோட்டார் இறங்கியது. வள்ளம் அம்பு போலப் போயிற்று.

அந்தக் கழற்றிய பழைய விசிறியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் இதழ்களில் கறையான் அரித்தாற்போலச் சிறுசிறு குழிகள். கல்லில் பட்ட அடி என்றார் சித்தப்பா. உப்பு அரித்தது என்றார் அப்பா. கல்லில் பட்டால் ஓரம் மடங்கும்; உப்பு அரித்தால் எங்கும் பரவலாக அரிக்கும். இதுவோ ஒரே இடத்தில் கொத்துக்கொத்தாக இருந்தது. இந்தக் கேள்விதான் பார்சன்ஸ் பெருமகனாரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது.

பார்சன்ஸ் 1854ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஆனால் வளர்ந்தது அயர்லாந்தில், பர் என்னும் ஊரிலிருந்த குடும்பக் கோட்டையில். தந்தை வில்லியம் பார்சன்ஸ், ரோஸ் நாட்டுக் கோமகன் பட்டத்தில் மூன்றாமவர். கோமகன் என்றால் வேட்டைக்கும் விருந்துக்கும் பொழுதைச் செலவிடுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் தம் சொந்தப் பட்டறையில் ஆறடி விட்டமுள்ள உலோக ஆடியை வார்த்து, தேய்த்து, 1845இல் உலகிலேயே பெரிய தொலைநோக்கியை நிறுவியவர். வானத்தில் சில ஒளிமுகில்கள் சுருள் வடிவம் கொண்டவை என்பதை முதலில் கண்டவரும் அவரே. தாய் மேரி புகைப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே அதில் பெயர் பெற்றவர். இப்படிப்பட்ட வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்த சார்லஸ் பள்ளிக்கூடமே போகவில்லை. தொலைநோக்கியில் பணியாற்ற வந்த வானியல் அறிஞர்களே அவருக்கும் அண்ணன்மார்க்கும் ஆசிரியர்களாக இருந்தனர். பாடம் முடிந்தால் உலைக்களம், கடைசல் எந்திரம், சுத்தியல்.

இந்த இளமைக்குள் ஒரு கறுப்பு நாளும் உண்டு. தந்தை 1867இல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1869 ஆகஸ்டு 31ஆம் நாள், பார்சன்ஸ் குடும்பத்தார் உருவாக்கிய நீராவி வண்டி பர் ஊர்த் தெருவில் ஒரு வளைவில் திரும்பியது. வண்டியில் சார்லசும் அவருடைய அண்ணன் ஒருவரும் இருந்தனர். உறவினரான மேரி வார்டு அம்மையாரும் அமர்ந்திருந்தார். அவர் நுண்ணோக்கி பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்ற அறிவியலாளர். வளைவில் வண்டி குலுங்க, அம்மையார் தூக்கி எறியப்பட்டுச் சக்கரத்தின் அடியில் சிக்கி உயிர் நீத்தார். தானியங்கி வண்டியால் நேர்ந்த உயிரிழப்புகளில் வரலாற்றில் பதிவான முதலாவது இதுவே என்பர். சார்லசுக்கு அப்போது வயது பதினைந்து. அந்நாளைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதை நான் படித்த எந்த வரலாறும் சொல்லவில்லை. அதற்குப் பின்னும் அவர் எந்திரத்தை விடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும், பின்னர்க் கேம்பிரிட்சில் புனித யோவான் கல்லூரியிலும் கணிதம் பயின்று 1877இல் பதினோராவது இடத்தில் தேறினார். பட்டம் பெற்ற கோமகன் வீட்டுப் பிள்ளை அடுத்துச் செய்ததுதான் உறவினர்களை வியக்க வைத்திருக்கும். நியூகாசில் நகரில் ஆர்ம்ஸ்டிராங்கின் எல்சுவிக் தொழிற்சாலையில் பணம் கட்டித் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பணம் கட்டிச் சேர்வதற்கு வீட்டில் பணம் இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னர் லீட்சு நகரில் கிட்சன் நிறுவனத்தில் இருந்தபோது நீருக்குள் பாயும் ஏவுகணை வகைகளைச் சோதித்தார். 1883இல் கேத்தரின் பெத்தெல் என்பவரை மணந்தார். 1884இல் கேட்சுஹெட் ஊரில் கிளார்க் சாப்மன் நிறுவனத்தில் இளைய பங்காளியாகச் சேர்ந்து, கப்பல்களுக்கு மின்விளக்கு அமைக்கும் பிரிவைப் பொறுப்பேற்றார்.

அக்கால நீராவி எந்திரம் எல்லாம் உந்துதண்டு முன்னும் பின்னும் ஓடுவது. நீராவி தள்ளும், தண்டு போகும், நிற்கும், திரும்பும். நிமிடத்துக்குச் சில நூறு முறைக்கு மேல் அது ஓடினால் குலுங்கி உடையும். மின்னாக்கிக்கு வேண்டியதோ வேகச் சுழற்சி. நீராவியை நேராக இதழ்கள் மேல் பாயவிட்டுக் காற்றாடி போலச் சுழற்றினால் என்ன என்று முன்பே பலர் எண்ணியிருந்தனர். ஆனால் உயர் அழுத்த நீராவி ஒரே தாவலில் விரிந்தால் அதன் வேகம் துப்பாக்கிக் குண்டையும் மிஞ்சும். அவ்வேகத்தைப் பயன்படுத்த இதழ்களும் ஏறக்குறையப் பாதி வேகத்திலாவது சுழல வேண்டும். எந்த உலோகமும் அதைத் தாங்காது. பார்சன்ஸ் செய்த யுக்தி எளிமையானது. அழுத்தத்தை ஒரே இடத்தில் விடாமல், பல வரிசை இதழ்களில் சிறிது சிறிதாகப் படிகளில் இறக்கினார். மலையருவியைப் படிக்கட்டு வாய்க்காலாக மாற்றியது போல. 1884இல் அவர் காப்புரிமை பெற்றுச் செய்த முதற் சுழலி நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் சுழன்றது. அந்த வேகத்தைத் தாங்கும் மின்னாக்கியையும் அவரே வடிவமைக்க வேண்டியிருந்தது. இன்று அது இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1889இல் பங்காளிகளுடன் பிரிவு ஏற்பட்டது. அவர் வெளியேறினார், காப்புரிமைகள் உள்ளேயே நின்றுவிட்டன. தாம் பெற்ற பிள்ளையைத் தாமே தொட முடியாத நிலை. நியூகாசிலில் ஹீட்டன் என்னுமிடத்தில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, பழைய காப்புரிமையைத் தொடாத வேறொரு வகைச் சுழலியைச் செய்தார். முன்னதில் நீராவி அச்சின் நெடுகப் பாயும். இதில் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாயும். இரண்டாவது வகை முதலதற்கு ஈடாகாது என்று அவருக்கே தெரியும். 1894இல்தான் பழைய உரிமைகள் அவரிடம் திரும்பி வந்தன.

அதே ஆண்டில் அவர் கடலுக்குள் இறங்கினார். இனி வருவதுதான் என் கட்டுரையின் உயிர்நிலை.

சுழலியால் மின்விளக்கை எரிக்க முடியுமானால் கப்பலை ஓட்ட முடியாதா என்பது அவர் கேள்வி. முதலில் இரண்டடி நீளத்தில் படகு மாதிரி செய்து, தூண்டில் கோலில் கட்டிக் குளத்தில் இழுத்து எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று அளந்தார். பிறகு ஆறடி மாதிரி ஒன்றை முறுக்கிய இரப்பர்க் கயிற்றால் ஓட்டினார். தூண்டில் கோலை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எங்கள் கரையில் சொன்னால் சிரிப்பார்கள். கணக்கு சரியாக வந்ததும் நூறடி நீளமும் ஒன்பதடி அகலமும் சுமார் 44 டன் எடையும் கொண்ட 'டர்பினியா' கட்டப்பட்டது. 1894 ஆகஸ்டு 2ஆம் நாள் அது நீரில் இறங்கியது. அகலத்தைப் போலப் பதினொரு மடங்கு நீளம். பார்ப்பதற்குக் கத்தி போல இருக்கும்.

நவம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். சுழலி நன்றாகவே சுழன்றது. வேகம் 20 நாட்டைக்கூடத் தொடவில்லை. மணிக்கு 37 கிலோமீட்டருக்கும் குறைவு. பழைய எந்திரங்களைப் பூட்டிய போர்ப்படகுகளே இதைத் தாண்டிக் கொண்டிருந்தன. விசிறியை மாற்றினார், இன்னொன்றை மாற்றினார், ஒரே தண்டில் மூன்றை வரிசையாக மாட்டினார். சிறிது கூடியது, அவ்வளவுதான். பணம் போட்டவர்கள் காத்திருந்தார்கள். எங்கள் வள்ளத்தில் மோட்டார் வீறிட்டுக்கொண்டு படகு நின்றதைக் கண்ணால் கண்டவன் நான். அதனால் டைன் ஆற்றுமுகத்தில் அம்மனிதர் அடைந்த அவமானம் எனக்குப் புரிகிறது.

அவர் செய்த முதல் நல்ல காரியம், குற்றத்தை யார் தலையில் போடுவது என்பதை அளந்து முடிவு செய்தது. சுழலி கொடுக்கும் திருகுவிசையை நேராக அளக்க, சுருள்வில் கொண்ட ஓர் அளவியைச் செய்து தண்டோடு இணைத்தார். சுழலி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. வேலை முழுவதும் விசிறியிடம் வந்து வீணாகிறது என்று தெரிந்தது. விசிறி நீரைத் தள்ளுவதற்குப் பதிலாக எதையோ கடைந்துகொண்டிருந்தது.

இங்கே இயற்பியலைச் சற்று நினைவூட்ட வேண்டும். பள்ளியில் குடுவையில் நீரைக் கொதிக்கவைத்து, அடைப்பானால் மூடிக் கவிழ்த்து, மேலே குளிர்ந்த நீரை ஊற்றும் சோதனையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடுப்பிலிருந்து எடுத்த நீர் மீண்டும் கொதிக்கும். உள்ளே அழுத்தம் குறைவதே காரணம். நீர் 100 பாகையில் கொதிப்பது 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் மட்டுமே. அழுத்தத்தை ஏறக்குறைய 32 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால் 30 பாகையிலேயே, அதாவது நம் ஊர்க் கடல்நீரின் வெப்பத்திலேயே, கொதிக்கத் தொடங்கிவிடும். விசிறி இதழ் நீரை ஒரு பக்கத்தால் தள்ளுகிறது, மறுபக்கத்தால் உறிஞ்சி இழுக்கிறது. வேகம் ஏற ஏற உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் விழுகிறது. ஓர் எல்லையில் அங்குள்ள நீர் நெருப்பின்றிக் கொதிக்கிறது. ஆவி நிறைந்த வெற்றிடக் குமிழிகள் இதழைப் போர்த்துகின்றன. இதழ் நீரைப் பற்ற முடியாமல் போகிறது. இதற்குக் குழிவாக்கம் என்று பெயர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய 'டேரிங்' என்ற போர்க்கப்பலும் எதிர்பார்த்த 27 நாட்டுக்குப் பதிலாக 24இலேயே நின்று திகைத்தது. விசிறி இதழ்களின் பரப்பைக் கூட்டியபின் அது 28ஐத் தாண்டியது. இந்நிகழ்வுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவர் ஆர். இ. ஃபுரூடு என்ற கப்பல் அறிஞர்.

எங்கள் வள்ளத்துக்கு வந்தது இதுவா? இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது கரையில் மட்டுமன்றிப் பட்டறைகளிலும் நடக்கிறது. எங்களுடையது காற்றுப் புகுதல். விசிறி நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்தால் அந்த உறிஞ்சும் பக்கம் மேலேயுள்ள காற்றையே இழுத்துக்கொள்ளும். மோட்டாரை உயரமாக மாட்டினாலும், வேகத்தில் சட்டென்று திருப்பினாலும், அலையில் பின்புறம் தூக்கினாலும், விசிறி நடுவே வெளியேறும் புகை இதழ்ப் பக்கம் கசிந்தாலும் இது நேரும். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்குமே, அது காற்றைத் தடுப்பதற்காக வைத்தது; படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அது இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் பலர் அதைக் குழிவாக்கத் தடுப்புத் தகடு என்றே அழைக்கிறார்கள். குழிவாக்கத்தை அது தடுக்காது. இன்னொன்றும் உண்டு: விசிறியின் நடுவிலுள்ள இரப்பர்ப் புஷ் வழுக்கினாலும் இதே வீறிடல்தான் கேட்கும். விசிறிக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓட்டிய பின் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். புதிய விசிறி வாங்கப் பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் பார்த்திருந்தால் எங்களுக்கு அந்தக் கடன் மிச்சம்.

பார்சன்சுக்கு வருவோம். நீருக்குள், படகின் அடியில், நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் முறை சுழலும் ஒன்றைக் கண்ணால் பார்ப்பது எப்படி? இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு பொம்மை விசிறி செய்தார். அதை ஒரு தொட்டி நீரில் வைத்து, நீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழ்வரை சூடாக்கிச் சுழற்றினார். ஏற்கெனவே கொதிக்கத் துடிக்கும் நீரில் சிறிதளவு அழுத்தம் குறைந்தாலும் குமிழி தோன்றிவிடும் அல்லவா? தோன்றியது. ஆனால் அவருக்கு அது போதவில்லை. 1895இல் செம்பால் ஒரு மூடிய வளையக் குழாய் செய்து, அதில் நீரை நிரப்பி, கண்ணாடிச் சாளரம் வைத்து, மேலிருந்த காற்றை எந்திரத்தால் உறிஞ்சி எடுத்தார். அழுத்தம் குறைந்ததால் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளிலேயே குழிவாக்கம் தெளிவாகத் தெரிந்தது. வில்விளக்கின் ஒளியைச் சுழலும் ஆடியால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை மட்டும் பாய்ச்சினார். சுழலும் விசிறி அசையாமல் நிற்பது போலத் தோன்றியது. அதன் இதழ்மேல் வெள்ளிபோல் ஒட்டியிருந்த குமிழித் திரையும் நின்றது. உலகின் முதல் குழிவாக்கச் சோதனைக் குழாய் அதுதான். இன்றைக்குக் கப்பல் விசிறி சோதிக்கும் பெரிய ஆய்வகங்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

கண்ட பின் மருந்து எளிது. ஒரே விசிறி அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குவதே நோய்; சுமையைப் பலருக்குப் பங்கிடுவதே மருந்து. ஒரு சுழலியை எடுத்துவிட்டு, உயர், இடை, தாழ் அழுத்தங்களுக்கு மூன்று சுழலிகள் வைத்தார். பழைய உரிமை திரும்பி வந்திருந்ததால் இவை அச்சின் நெடுகப் பாயும் வகை. மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று விசிறிகள், ஆக ஒன்பது. ஒவ்வொன்றும் 18 அங்குல விட்டம். 1897 ஏப்ரலில் பேராசிரியர் யூயிங் அளந்தபோது வேகம் 32 நாட்டைத் தாண்டியது. பின்னர் 34ஐயும் தொட்டது. மணிக்கு 63 கிலோமீட்டர். அன்று உலகில் அதனினும் விரைவான கப்பல் வேறில்லை.

1897 சூன் 26. விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக ஸ்பிட்ஹெட் கடலில் பிரிட்டிஷ் கடற்படை வரிசை வரிசையாக நங்கூரமிட்டிருந்தது. வெளிநாட்டு விருந்தினர், இளவரசர், கடற்படைத் தலைவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த வரிசைகளின் நடுவே டர்பினியா சீறிப் பாய்ந்தது. விரட்டி வந்த காவற்படகுகளால் அதை எட்டவே முடியவில்லை. எந்திரத்தின் பக்கம் நின்றவர் பார்சன்சே. அவர் அனுமதி பெற்றுத்தான் உள்ளே புகுந்தாரா என்பதில் எழுத்தாளர்கள் ஒத்துப்போவதில்லை. எனக்குத் தோன்றுவது, தூண்டில் கோலில் தொடங்கி ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த மனிதர் இதை மட்டும் அளக்காமல் செய்திருக்க மாட்டார் என்பதே.

கடற்படை சுழலி பூட்டிய 'வைப்பர்', 'கோப்ரா' என்ற இரு போர்க்கப்பல்களை ஏற்றுக்கொண்டது. 1901 ஆகஸ்டில் வைப்பர் மூடுபனியில் பாறையில் மோதி அழிந்தது. அடுத்த மாதமே கோப்ரா வடகடலில் இரண்டாக முறிந்து மூழ்கியது. பிழைத்தவர் பன்னிருவர் மட்டுமே. இறந்தவர்களில் பார்சன்ஸ் நிறுவனத்துத் தொழிலாளர்களும் இருந்தனர். சுழலியின் மேல் குற்றமில்லை என்று தெரிந்தது உண்மை. ஆனால் வீட்டில் ஆள் திரும்பாதவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றியிருக்காது. கடலுக்குப் போனவர் வராத வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆகவே இதை வேகமாகக் கடந்துவிட மனம் வரவில்லை.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1901இல் 'கிங் எட்வர்டு' என்ற பயணிக் கப்பல், 1906இல் 'டிரெட்நாட்' போர்க்கப்பல், 1907இல் 'லூசிட்டேனியா', 'மாரிட்டேனியா' எனச் சுழலி கடலை ஆளத் தொடங்கியது. கரையில் மின்நிலையங்களிலும் அதுவே. 1884இல் சில கிலோவாட்டில் தொடங்கியவர், 1920களில் சிகாகோ நகரத்துக்கு 50,000 கிலோவாட் எந்திரம் செய்து அனுப்பினார்.

என் விசிறியின் குழிகளுக்கு விடை இனிமேல்தான் வருகிறது. விரைவுக் கப்பல்களின் விசிறிகள் சில மாதங்களிலேயே அரிக்கப்பட்டுப் பஞ்சு போல ஆயின. உப்பின் வேதியியல் விளைவு என்றே பலர் எண்ணினர், என் அப்பாவைப் போல. பார்சன்சும் அவருடைய உதவியாளர் குக்கும் சோதித்தனர். அழுத்தம் குறைந்த இடத்தில் பிறந்த குமிழி, அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் நொறுங்குகிறது. உள்ளே காற்று இருந்தால் மெத்தை போலத் தாங்கும். இருப்பதோ ஆவி, அது சட்டென்று நீராகிவிடும். நான்கு புறமும் இருந்து பாயும் நீர் ஒரு புள்ளியில் சம்மட்டி போல மோதுகிறது. அப்போது எழும் அழுத்தத்தை 1917இல் இராலே பெருமகனார் கணக்கிட்டுக் காட்டினார். நீருக்குள் மூடும் வெற்றிடம் பித்தளைத் தகட்டையே துளைத்துவிடும் என்பதைப் பார்சன்சும் குக்கும் சோதனையில் காட்டினர், 1919இல் வெளியிட்டனர்.

அந்த ஆண்டுகள் அவருக்கு வீட்டில் நல்லவையாக இல்லை. ஒரே மகன் 1918 ஏப்ரலில் போர்க்களத்தில் இறந்தான். மகள் ரேச்சல் கேம்பிரிட்சில் பொறியியல் பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். தம்பி போருக்குப் போனபோது தந்தையின் நிறுவனத்தில் அவனுடைய இடத்தில் இயக்குநராக இருந்தவர். போர் முடிந்ததும் அங்கிருந்து விலகினார். 1919இல் பெண் பொறியாளர் சங்கம் தோன்றியபோது தாய் கேத்தரின் அதன் நிறுவனர்களுள் ஒருவர், மகள் முதல் தலைவர். தந்தைக்கு உலகம் பட்டங்களை அளித்துக்கொண்டிருந்தது: 1911இல் சர் பட்டம், 1927இல் ஆர்டர் ஆஃப் மெரிட். அவரோ பல ஆண்டுகள் செயற்கை வைரம் செய்ய முயன்று தோற்றார். தாம் வைரம் கண்டதாக முதலில் எண்ணியதையும் பின்னர் ஐயுற்றதையும் மறைக்கவில்லை.

1931 பிப்ரவரி 11ஆம் நாள், கடற்பயணத்தின்போது, ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலேயே அவர் உயிர் பிரிந்தது. நார்தம்பர்லாந்தில் கிர்க்வெல்பிங்டன் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்தனர். டர்பினியா நியூகாசில் நகர டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1907இல் ஆற்றில் புதிதாக இறக்கப்பட்ட வேறொரு கப்பல் மோதி அதை ஏறக்குறைய இரண்டாக வெட்டியதாம்; ஒட்டவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். செம்புக் குழாயும் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பின் விடுமுறையில் ஊருக்குப் போனேன். சன்னல் ஓரத்தில் கிடந்த பழைய விசிறியை எடுத்து, எந்தப் பக்கம் படகை நோக்கி இருந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். குழிகள் எல்லாம் படகை நோக்கிய பக்கத்தில், உறிஞ்சும் பக்கத்தில், வெளிவட்டத்தை ஒட்டி இருந்தன. காற்றுப் புகுந்ததால் வந்தவை அல்ல. எங்கள் கைக்கு வருவதற்கு முன் வேறு யாரோ இந்த மோட்டாரைத் தகாத விசிறியோடு நெடுநாள் விரட்டியிருக்கிறார்கள். அப்பா விசிறியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கரையில் கிடந்த வள்ளத்துக்குப் போய், புதிய விசிறியின் அதே பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.